உபயமும் நித்தியமும்: மருத்துவ ஆராய்ச்சிப் பணத்தின் அறக்கணக்கு

மருத்துவ ஆராய்ச்சிக்கென்று கொடுக்கப்படும் பணத்துக்கு இரண்டு கணக்கு உண்டு. கொடுத்தவர் எதற்கென்று கொடுத்தாரோ அதற்குத்தான் செலவாயிற்றா என்று பார்ப்பது ஒன்று. பற்றுச்சீட்டு, கொள்வனவுக் கோப்பு, இருப்புப் பதிவேடு ஆகியவற்றைப் புரட்டிக் கணக்காய்வாளர் செய்யும் வேலை அது. அவர் சொன்ன காரியம் செய்யத்தக்க காரியம்தானா, அந்தப் பணம் யாருக்குப் பட்ட கடன் என்று கேட்பது மற்றது. இதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. சமயமும் தத்துவமும்தான் இதை விசாரித்து வந்திருக்கின்றன. முதற்கணக்கு சரியாக இருந்தும் இரண்டாவது தடுமாறிய சந்தர்ப்பங்களையும், முதற்கணக்கில் தோற்ற செலவு இரண்டாவதில் தேறிய சந்தர்ப்பங்களையும் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் இருநூறு ஆண்டு வரலாறே போதும்.

இரண்டாவது கணக்கைப் பேசத் தேவையான சொற்கள் குடாநாட்டுக் கோயில்களில் ஆயத்தமாக இருக்கின்றன. சைவ ஆகமங்கள் கிரியைகளை நித்தியம், நைமித்திகம், காமியம் என்று பிரிக்கின்றன. நாள்தோறும் தவறாமல் நடக்க வேண்டிய பூசை நித்தியம். திருவிழாப் போலக் காலத்தையோ காரணத்தையோ ஒட்டி வருவது நைமித்திகம். ஒரு பலனை வேண்டிச் செய்விப்பது காமியம். கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் ஓர் உபயகாரர் இருப்பார். தனி ஆளாகவும் இருக்கலாம், ஒரு குடும்பமாகவோ ஒரு தொழில் செய்வோராகவோ ஒரு குறிச்சியாராகவோ இருக்கலாம். அந்த உரிமை தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும். அன்றைய மேளம், சாத்துப்படி, மின் அலங்காரம், அன்னதானம் எல்லாம் அந்த உபயத்துக்குள் அடங்கும், காளாஞ்சி என்னும் கோயில் மரியாதையும் அவருக்கே. கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் தங்கள் திருவிழாவுக்கென்றே விமானம் ஏறி வருவதுண்டு. விடியப்புறம் மடைப்பள்ளியில் அடுப்பு மூட்டுகிறவரின் சம்பளத்துக்கும், வீதி கூட்டுகிறவருக்கும், கருவறை விளக்கின் எண்ணெய்க்கும் அந்த ஆரவாரம் இல்லை. நித்திய பூசைக்கு நாட்கட்டளை ஏற்பவர்கள் சில கோயில்களில் உண்டுதான். ஆனால் தேர்த் திருவிழாவுக்கு நடக்கும் இழுபறி அங்கே நடந்ததாக யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஆராய்ச்சி மானியமும் பெரும்பாலும் உபயம்தான். அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உபயகாரரின் பெயர் முதற்பக்கத்தில் வரும். வேறு நாளுக்கு அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. ஆய்வுகூடத்தின் மின் கட்டணம், உறைகுளிர்ப்பெட்டியைப் பழுதுபார்ப்பது, இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரை அடுத்த மானியம் வரும்வரை வைத்திருப்பது ஆகியவை நித்தியம். விற்கக்கூடிய மருந்தை எதிர்பார்த்து ஒரு கம்பனி போடும் முதல் காமியம். அதில் ஒளிவுமறைவு இல்லை என்ற அளவில் அது மற்ற இரண்டையும்விட நேர்மையானது என்றுகூட வாதிடலாம். இந்த ஒப்புமை ஒரு வசதிக்காகச் சொல்லப்படுவது அன்று. நித்தியத்தை விட்டு நைமித்திகத்தை எவ்வளவு சிறப்பாகச் செய்தாலும் குறை குறைதான், விட்டதற்குப் பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்பது ஆகம மரபு. ஆராய்ச்சி நிதி உலகத்தில் அப்படியொரு விதி இல்லை.

தமிழ் மரபில் மருத்துவத்துக்குக் கொடுத்த பழைய கொடைகளைப் பார்த்தால் அவை நித்தியத்தின் பக்கமே சாய்ந்திருக்கின்றன. காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடல் கோயிலில் 11ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலோடு சேர்ந்த ஆதுலசாலையில் 15 படுக்கை. வைத்தியர், சத்திரசிகிச்சை செய்பவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்சுவோர், நோயாளரைப் பார்க்கும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல் என்பதும், இருப்பில் வைத்திருக்க வேண்டிய மருந்துகளும் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. கட்டடத் திறப்பு விழாவைப் பற்றிய கல்வெட்டு அன்று அது. ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் செலவின் பட்டியல். யாழ்ப்பாண அரசர் காலத்தில் செகராசசேகரம், பரராசசேகரம் என்ற வைத்திய நூல்கள் அரச ஆதரவில் எழுந்தன. பரராசசேகரத்தை 20ஆம் நூற்றாண்டில் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை தேடித் தொகுத்துப் பதிப்பித்தார். அரண்மனை அந்த நூலுக்கு எவ்வளவு கொடுத்தது என்ற கணக்கு அழிந்துபோயிற்று. ஏட்டுச் சுவடிகளைப் பரம்பரை பரம்பரையாகப் படியெடுத்துக் காத்த வைத்தியர் வீடுகளின் உழைப்பால் நூல் தப்பியது.

கணக்கும் வாதமும் எழுத்தில் கிடைக்கும் வழக்கு 19ஆம் நூற்றாண்டுக்குரியது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன், பொஸ்ரன் நகரில் இருந்த ஒரு சபையின் பணத்தில் இயங்கியது. அந்தப் பணம் அமெரிக்கத் திருச்சபைகளில் சிறிது சிறிதாகச் சேர்ந்த காணிக்கை. கொடுத்தவர்களின் எண்ணத்தில் மயக்கம் இருக்கவில்லை. கிறிஸ்துவை அறியாதவர்களை அவரிடம் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். வைத்தியர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் 1820இல் தொடங்கிய மருத்துவப் பணிக்கும், 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரிக்கும் அந்தக் காணிக்கையே ஆதாரம். செமினரியில் வேதாகமத்தோடு கணிதம், வானியல், ஆங்கிலம், தமிழ் இலக்கியம் எல்லாம் படிப்பிக்கப்பட்டன.

1855இல் மிஷன் சபையின் செயலாளர் றூபஸ் அண்டர்சன், ஒகஸ்ரஸ் தொம்சன் என்ற போதகரையும் கூட்டிக்கொண்டு குடாநாட்டுக்கு வந்து எல்லாவற்றையும் விசாரித்தார். மானியக் கணக்காய்வு என்றே அதைச் சொல்லலாம். அவர் தேடியது களவு அன்று. ஆங்கிலம் படித்து வெளியேறியவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கும் வேறு தொழில்களுக்கும் போய்விடுகிறார்கள், ஊர் மொழியில் ஊராருக்குப் போதிக்கக்கூடிய போதகர்கள் வேண்டிய அளவு வரவில்லை என்பதே அவருடைய முடிவு. அதே ஆண்டு செமினரி மூடப்பட்டது. தமிழ் வேதாகமத்தில் எசமானின் பொருளைப் பொறுப்பில் வைத்திருப்பவனுக்கு உக்கிராணக்காரன் என்று பெயர். அவனிடம் எதிர்பார்க்கப்படுவது உண்மை. அண்டர்சன் தம்மை அப்படித்தான் பார்த்தார். எங்கோ ஒரு கிராமத்து விதவை போட்ட காசு யாழ்ப்பாணத்தில் கச்சேரிக் கிளாக்கரை உண்டாக்குவதற்குப் போடப்பட்டதன்று என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் அந்தக் கணக்கு இரண்டு ஆண்டுக்குள் கலங்கியது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னர் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார், சைவராக வாழ்ந்தார். பொஸ்ரனில் இருந்து பார்த்தால் அண்டர்சன் சொன்னது சரியென்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். தமிழ் படித்தவருக்கோ அந்தக் காணிக்கைப் பணம் செய்த செலவுகளில் இதைப்போல் உருப்படியான செலவு வேறில்லை. ஒரே வரவு இரண்டு பேரேட்டில் எதிரெதிராக விழுகிறது.

பின்னால் நல்லது நடந்தது என்பதால் முன்னால் வாக்கு மீறியது சரியாகிவிடும் என்ற தர்க்கம் ஆபத்தானது. எந்த முறைகேட்டையும் அதைக் கொண்டு கழுவிவிடலாம். செமினரியை நடத்தியவர்கள் கொடுத்தவரை ஏமாற்றவில்லை. நோக்கம் நிறைவேறும் என்று நம்பியே செலவழித்தார்கள். உண்மையான சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. அண்டர்சனின் விசாரணையில் காணிக்கை போட்டவருக்குக் குரல் இருந்தது, சபைக்கும் மிஷனரிமாருக்கும் குரல் இருந்தது. தங்கள் பிள்ளைகளைச் சமயம் மாறக்கூடும் என்று தெரிந்தே அனுப்பிய தாய் தகப்பன்மார் கொடுத்ததும் ஒரு காணிக்கைதான். அது கணக்கில் ஏறவில்லை. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியபோது அதை வேண்டி நின்றவர்களில் உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் முன்னின்றதை அந்த விடுபட்ட குரலின் பதிலாகக் கொள்ளலாம்.

வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் கதை இதே விசாரணையின் அடுத்த பக்கம். 1822இல் அமெரிக்காவில் பிறந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன், மறு ஆண்டிலிருந்து மானிப்பாயில் மருத்துவமனையும் மாணவர் வகுப்பும் நடத்தினார். மருத்துவப் பணி போதனைக்குத் துணை நிற்கும் அளவில் மட்டும் செல்லும் என்பது சபையின் பொதுவான எண்ணம். மிஷனரிக் குடும்பங்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், ஊரார் மனத்தில் இடம் பிடிக்க வேண்டும், அதற்கு மேல் போகக்கூடாது. கிறீனோ நோயைப் பார்ப்பதோடு நில்லாமல் நூல்களில் இறங்கினார். இடையில் அமெரிக்கா போய் 1862இல் திரும்பி வந்தபின் பாடங்களைத் தமிழிலேயே நடத்தினார். இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. மொழிபெயர்ப்பு, கலைச்சொல், அச்சு எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கத்துக்கு மேல். அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் அறுபதுக்கு மேற்பட்டவர்கள்.

கலைச்சொல் ஆக்கம் ஒரு நோயாளியையும் அன்றைக்குக் குணப்படுத்தாது, ஒருவரையும் கிறிஸ்தவராக்காது. எந்த ஆண்டறிக்கையிலும் அதற்கு எண்ணிக்கை காட்ட முடியாது. ஆனால் எலும்புக்கும் நரம்புக்கும் நாடிக்கும் ஊர் மொழியில் பெயர் இருந்தால்தான் அடுத்த தலைமுறை வைத்தியர் தம் ஊரிலேயே உருவாக முடியும். உபயப் பணத்தில் நித்தியத்தைக் கட்டிய அரிய ஆட்களில் கிறீன் ஒருவர். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஊர் மொழி வேண்டும் என்று செமினரியை மூடிய அண்டர்சனின் கொள்கைக்கு, மருத்துவத்தில் மிகப் பெரிய வடிவம் கொடுத்தவர் மருத்துவத்தை அவ்வளவு பொருட்படுத்தாத அந்தச் சபையின் வைத்தியரே. கிறீன் 1884இல் அமெரிக்காவில் இறந்தார். மானிப்பாயில் அவர் பெயரில் மருத்துவமனை இன்றும் இருக்கிறது.

கிறீன் பிறந்த அதே 1822இல்தான் நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார். மானிப்பாயில் மருத்துவ வகுப்புத் தொடங்கிய 1848இல்தான் வண்ணார்பண்ணையில் நாவலரின் சைவப்பிரகாச வித்தியாசாலையும் தொடங்கியது. மிஷன் பணத்துக்கு எதிராக அவர் நிறுத்தியது பிடியரிசி. அடுப்பில் உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்பது. பள்ளிக்கூடச் செலவு அதிலிருந்து. பிடியரிசியின் சிறப்பு, அதில் உபயகாரரின் பெயர் ஒட்டாது என்பது. எந்த வீட்டுப் பிடி எந்தப் பலகைக்குப் போயிற்று என்று கேட்க வழியில்லை. அது நாள்தோறும் வரும் வரவு, ஆகவே நாள்தோறும் வரும் செலவுக்குப் பொருந்தியது. 1877இல் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்ததும் நாவலரே. அதே நாவலர் சைவக் கோயில்களின் நிர்வாகத்தையும் விடவில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் நடைமுறைகளைக் கண்டித்து எழுதினார். சிவன் சொத்து குலநாசம் என்ற பழமொழி வெறும் சாபமாக இருந்தால் போதாது, கணக்காகவும் காட்டப்பட வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாட்டின் உள்ளடக்கம்.

இங்கே சைவ சித்தாந்தத்தின் ஒரு பழைய கேள்வி குறுக்கிடுகிறது. உயிர்களுக்குச் செய்யும் நன்மை பசுபுண்ணியம்; இறைவனை நோக்கிச் செய்வது சிவபுண்ணியம். முன்னதன் பலன் அனுபவித்துத் தீர்ந்துபோகும், பின்னது வீட்டுக்கு வழிகாட்டும் என்பது சித்தாந்தம். அப்படியானால் ஆஸ்பத்திரிக்கும் ஆராய்ச்சிக்கும் கொடுப்பதைவிடக் கோபுரத்துக்குக் கொடுப்பது மேலானதா? குடாநாட்டில் ஒவ்வொரு கும்பாபிஷேகத்தின் போதும் யாராவது ஒருவர் இதைக் கிளப்பாமல் இருப்பதில்லை. திருமூலர் மரபோ, கோயிலில் படைப்பது மனிதருக்குப் போய்ச் சேராவிட்டாலும் மனிதருக்குக் கொடுப்பது இறைவனுக்குச் சேரும் என்று சொல்லி அந்த வரிசையையே புரட்டிவிடுகிறது. இசுலாமியச் சட்டத்தில் கேள்வி இன்னும் கூர்மையானது. சக்காத் பெறத் தகுதியுள்ளோர் எட்டு வகையினர் என்று குர்ஆனே வரையறுத்திருப்பதால், ஆய்வுகூடத்துக்கு அதிலிருந்து கொடுக்கலாமா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. மருத்துவமனை போன்ற நிலையான காரியங்களுக்கு வக்ஃபு என்ற வேறு வழியை அந்த மரபு முன்பே வைத்திருந்தது. மூல முதலைத் தொடாமல் வருமானத்தைச் செலவிடும் அந்த முறையும் நித்தியத்துக்கு ஏற்பட்டதுதான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. அதன் ஆராய்ச்சிக்குப் பணம் வரும் வழிகள் சில: பல்கலைக்கழகத்தின் சொந்த ஒதுக்கீடு, தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை, வெளிநாட்டு நிறுவனங்களுடனான கூட்டாய்வு. இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எல்லாத் துறை ஆராய்ச்சிக்கும் செலவிடுவது சுமார் 0.1 சதவீதம். ஆசிரியர் சம்பளம் அரசுடையது. மானியம் பெரும்பாலும் இரசாயனப் பொருள், ஆய்வு உதவியாளர் கொடுப்பனவு, ஒன்றிரண்டு கருவி ஆகியவற்றுக்குப் போகும். கருவி வரும், அதைப் பராமரிக்கும் ஒப்பந்தம் வராது. உதிரிப்பாகத்துக்குக் கேள்விப்பத்திரம் கோரி, மூன்று விலைமனு வாங்கி, கொழும்பிலிருந்து ஆள் வந்து பார்ப்பதற்குள் மானியக் காலம் முடிந்திருக்கும். கோப்பில் ஒரு குறையும் இராது.

2022 இந்த முரணைப் பச்சையாகக் காட்டியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதமளவில் 360. முந்தைய ஆண்டு ரூபாவில் அங்கீகரித்த மானியம் ஒரு சதமும் குறையாமல் கொடுக்கப்பட்டது. இறக்குமதியாகும் இரசாயனப் பொருளில் கணக்கிட்டால் அது ஏறக்குறைய பாதியாயிற்று. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு. உறைநிலையில் வைத்த குருதி மாதிரி மின்பிறப்பாக்கிக்கு டீசல் கிடைப்பதை நம்பி இருந்தது. எந்த மானியத்திலும் டீசலுக்கு உபயகாரர் கிடையாது. வாக்குக் காப்பாற்றப்பட்டதா, மீறப்பட்டதா? ரூபாவில் காப்பாற்றப்பட்டது, குருதியில் மீறப்பட்டது என்பதைத் தவிர வேறு விடை சொல்ல முடியாது.

பணக்கார நாட்டிலும் இதே சண்டைதான், தொகைதான் வேறு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2023இல் வழங்கிய ஏறத்தாழ 35 பில்லியன் டொலர் மானியத்தில் 9 பில்லியன் அளவு மறைமுகச் செலவுக்குப் போயிற்று: கட்டடம், மின்சாரம், நிர்வாகம், ஆய்வு விலங்குகளின் பராமரிப்பு. 2025 பெப்ரவரியில் அந்த வீதத்தை எல்லாருக்கும் 15 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார்கள். பல்கலைக்கழகங்களும் மாநிலங்களும் நீதிமன்றம் போய்த் தடுத்தன. குறைக்க விரும்பியவர்களின் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நித்தியத்தின் பெயரில் மடைப்பள்ளியே பிரசாதத்தைத் தின்றுவிடுவது கோயிலிலும் நடக்கும். அதனால்தான் நாவலர் கண்டித்தார். ஆனால் உபயகாரர் நித்தியத்துக்குக் கொடுக்க மறுத்தால் அது இல்லாமற் போய்விடாது. யாரோ ஒருவரின் சம்பளமில்லாத இரவு வேலையாகவும், பழுதான கருவியாகவும், கெட்டுப்போன மாதிரியாகவும் அதன் செலவு வந்தே தீரும்.

நித்தியத்தை விட்டதன் விலையை இலங்கை ஒருமுறை பெரிய அளவில் கொடுத்திருக்கிறது. மலேரியா ஒழிப்பு இயக்கத்தின் உச்சத்தில், 1963இல், நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர். நோய் ஒழிந்ததென்று கண்காணிப்பும் மருந்தடிப்பும் தளர்ந்தன. 1969இல் நோயாளர் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பதினேழு பேருக்காக ஏன் இவ்வளவு செலவு என்று கேட்ட கணக்கர் முட்டாள் அல்லர். அவர் பார்த்தது முதற்கணக்கு. உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளர் 2012இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. அதே ஆண்டின் முடிவில் மன்னாரில் அனொபிலிஸ் ஸ்டெபன்சி என்ற, நகரக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகக்கூடிய மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது, பின்னர் யாழ்ப்பாணத்திலும். நோய் இல்லாத நாட்டில் நுளம்பைத் தேடிக்கொண்டே இருந்த ஆட்கள் இருந்ததால்தான் அது கண்ணில் பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர், டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புகள் நன்னீரில் மட்டுமே பெருகும் என்ற பொது நம்பிக்கைக்கு மாறாக, குடாநாட்டுக் கரையோர உவர்நீரிலும் அவற்றின் குடம்பிகள் வளர்வதைக் காட்டியதும் இந்த வகை வேலைதான். கிணறு கிணறாக, தொட்டி தொட்டியாக அள்ளிப் பார்க்க வேண்டியது. மேளதாளம் இல்லாதது.

இனி, கொடுத்தவர் யார் என்ற கேள்வி. குருதி மாதிரி கொடுக்க வரிசையில் நிற்கும் கொடிகாமத்துக் கமக்காரரும், கேள்விக்கொத்துக்கு விடை சொல்ல அரைநாள் கூலியை இழக்கும் குருநகர் மீனவப் பெண்ணும் எந்த மானியப் பட்டியலிலும் கொடையாளராக வருவதில்லை. ‘பங்குபற்றியோர்’ என்று வருவார்கள். 1964இல் ஏற்கப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனத்தின் பின்னைய திருத்தங்கள், நலிந்த மக்களிடையே செய்யும் ஆய்வு அவர்களின் சுகாதாரத் தேவைக்குப் பதில் சொல்வதாகவும் அதன் பயன் அவர்களுக்கும் கிடைப்பதாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. கொடுத்தவருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதே இதன் அடியில் இருக்கும் எண்ணம். இதைத் தானமென்று சொல்லக்கூடாது, கடன் என்று சொல்ல வேண்டும். திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரண்டு அதிகாரமாகப் பிரித்து வைத்திருப்பது வீணாக அன்று. இல்லாதவருக்கு இரங்கிக் கொடுப்பது ஒன்று, ஊரோடு கூடி வாழ்பவன் செய்தே ஆக வேண்டியது இன்னொன்று. ஆராய்ச்சி நிதியைப் பற்றிய பேச்சு முழுவதும் ஈகையின் மொழியிலேயே நடக்கிறது: கொடை, அறக்கட்டளை, விருது. ஒப்புரவின் மொழியில் பேசினால் கேள்வியே வேறாகிவிடும்.

உலக அளவில் அந்தக் கேள்வியை முதலில் எண்ணாக வைத்தது 1990இல் வெளிவந்த அபிவிருத்திக்கான சுகாதார ஆராய்ச்சி ஆணைக்குழு அறிக்கை. 1986இல் உலகம் சுகாதார ஆராய்ச்சிக்குச் செலவிட்ட ஏறத்தாழ 30 பில்லியன் டொலரில் வளர்முக நாடுகளின் நோய்களுக்கென்று போனது 5 சதவீதம் அளவில். அகால மரணத்தின் சுமையில் 90 சதவீதத்துக்கு மேல் அந்நாடுகளின் தலையில். 2007ஆம் ஆண்டுச் செலவிலிருந்து, புறக்கணிக்கப்பட்ட நோய்களின் ஆராய்ச்சிக்கு யார் எவ்வளவு கொடுக்கிறார் என்று ஆண்டுதோறும் கணக்கெடுக்கும் ஜி-ஃபைண்டர் ஆய்வும் நடந்து வருகிறது. இவை பயனுள்ள கணக்குகள். ஆனால் இவையும் பணப்பை திறக்கும் இடத்தில் நின்று எண்ணுபவை. எந்தப் பணம் எந்த நோய்க்குப் போயிற்று என்று சொல்லும்; போன இடத்தில் விளக்கு எரிந்ததா என்று சொல்லாது. ஊரின் தேவைக்கும் வந்து சேரும் பொருளுக்கும் உள்ள இடைவெளிக்குப் பாம்புக்கடியை எடுத்துக்கொண்டால், கண்டங்கருவளையும் கண்ணாடி விரியனும் குடாநாட்டு வயல்களில் ஒவ்வோர் ஆண்டும் கடித்துக்கொண்டே இருக்கின்றன; நோயாளிக்கு ஏற்றும் விசமுறிவு மருந்து இந்தியப் பாம்புகளின் விசத்தைக் கொண்டு தயாரித்து இறக்குமதி செய்யப்பட்டு வந்திருக்கிறது.

போன இடத்தில் என்ன நடக்கிறது என்பதை 2009இல் அயன் சால்மர்ஸ், போல் கிளாசியூ இருவரும் லான்செட் இதழில் கணக்கிட்டார்கள். தவறான கேள்வியைக் கேட்பது, ஆய்வைப் பிழையாக அமைப்பது, முடிவை வெளியிடாமல் விடுவது, வெளியிட்டாலும் பிறர் பயன்படுத்த முடியாதபடி எழுதுவது என்று நான்கு படியிலும் கசிந்து, ஆராய்ச்சி முதலீட்டில் 85 சதவீதம் வரை வீணாகிறது என்பது அவர்களின் மதிப்பீடு. இந்த வீண் எதிலும் களவு இல்லை. எல்லாப் பற்றுச்சீட்டும் இருக்கும். எதிர்பார்த்த முடிவு வராத ஆய்வை ஒருவர் அலுமாரியில் வைத்துப் பூட்டினால், இன்னொரு நாட்டில் இன்னொருவர் அதே ஆய்வை இன்னொரு மானியத்தில் திரும்பச் செய்வார், திரும்பவும் நோயாளரிடம் குருதி எடுப்பார்.

ஆகம மரபில் பவித்திரோற்சவம் என்று ஒன்று உண்டு. ஆண்டு முழுவதும் நடந்த நித்திய நைமித்திகங்களில் மந்திரத்தாலும் கிரியையாலும் திரவியத்தாலும் நேர்ந்த குறைகளுக்குப் பிராயச்சித்தமாகப் பவித்திர மாலை சாத்திச் செய்வது. குறை நேர்ந்ததா என்ற விசாரணையே அதில் இல்லை. நேர்ந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் விழாத் தொடங்கும். மானிய இறுதி அறிக்கைகள் இதற்கு நேர்மாறான எடுகோளில் எழுதப்படுகின்றன. குறிக்கோள் ஒன்று நிறைவேறியது, குறிக்கோள் இரண்டு நிறைவேறியது என்று நிரல் போகும். நிறைவேறாததற்கு இடம் விட்டால் அடுத்த மானியம் போய்விடும் என்ற பயம் எல்லாருக்கும் தெரிந்தது.

கிரியை தொடங்குமுன் சங்கற்பம் செய்வார்கள்: இன்ன நாள், இன்ன இடம், இன்னாருக்காக, இன்ன நோக்கம் என்று வாய்விட்டுச் சொல்லி நீர் வார்ப்பது. சொன்னபின் நோக்கத்தை மாற்ற முடியாது. மருத்துவ ஆராய்ச்சியில் இதற்கு நிகரானது ஆய்வைத் தொடங்குமுன் பொதுப் பதிவேட்டில் பதிவது. இலங்கை வைத்திய சங்கம் 2006இல் அப்படியொரு மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டைத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் புதிய சிகிச்சையொன்றை நோயாளரிடம் பரிசோதிப்பவரும் அதில் தம் கேள்வியையும் அளக்கப்போகும் பலனையும் எத்தனை பேர் என்பதையும் முன்கூட்டி எழுதிவைக்கலாம். அதே பதிவில் பணம் கொடுத்தவரின் பெயருக்கும் ஓர் இடம் உண்டு. கிணற்று நீரை அள்ளிப் பார்க்கும் ஆய்வுக்கும் வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்புக்கும் அந்த வழக்கம் இல்லை. அவற்றின் சங்கற்பம் நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில், அலுவலக அலுமாரியில் இருக்கிறது.